கால் சுற்றில் நின்ற டிராம்போன்

திருவனந்தபுரத்தில் ஜாஸ் குழு ஒன்று இருக்கிறது என்றால் திருவனந்தபுரத்துக்காரர்களே நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் குழு கடைசியாக மேடை ஏறியது 1998இல். அதற்குப் பிறகு நகரத்து கிளப்புகள் ஒரு கீபோர்டும் ஒரு பாடகரும் போதும் என்று முடிவு செய்தன. பிறகு பாடகரும் வேண்டாம், மெம்பர்களே பாடிக்கொள்ளட்டும் என்று மைக் மட்டும் வாங்கி வைத்தன. விளைவை எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

குழுவின் பெயர் ஈஸ்ட் ஃபோர்ட் ஃபைவ். ஆட்கள் நான்கு பேர். பேஸ், அதாவது கீழ் ஸ்வர வாத்தியம், வாசித்த ஐந்தாமவர் 1994இல் மகனைப் பார்க்க டொராண்டோ போனவர் இன்னும் திரும்பவில்லை. அவர் லீவில் இருப்பதாகவே மற்ற நால்வரும் கருதுகிறார்கள். அந்த இடத்தில் வேறு ஆளைப் போடுவது மரியாதை இல்லை என்பதால், பியானோ வாசிக்கும் லீலாபாயின் இடது கை அவருடைய வேலையை முப்பது வருடமாகக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துவருகிறது.

தலைவர் சாம்பசிவன், வயது எழுபத்தாறு. கரமனை அக்ரஹாரத்துக்காரர். பாலங்களுக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். கிளாரினெட் வாசிப்பார். டிராம்போன் வாசிக்கும் சத்தியதாஸ் அவரைவிட இரண்டு வயது இளையவர், பாறசாலையில் சர்ச் பாண்டு வாத்தியத்தில் தொடங்கியவர். லீலாபாய் அவருடைய மனைவி. கணக்கு டீச்சராக இருந்ததால் தாளம் தவறுபவரைப் பார்க்கும் பார்வை இன்னும் மாறவில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் வலியதுறை ஆன்சன். அவருக்கு எழுபதுதான் ஆகிறது என்பதால் குழுவில் அவரை 'பையன்' என்பார்கள்.

டிராம்போனைப் பார்க்காதவர்களுக்காக: அது ஒரு நீளமான பித்தளைக் குழாய், அதன்மேல் இன்னொரு குழாயை முன்னும் பின்னும் தள்ளி வாசிக்க வேண்டும். முழுக்க நீட்டினால் முன்னால் நிற்பவர் முதுகில் இடிக்கும். ஊதுகிறவரின் மூச்சு உள்ளே குளிர்ந்து தண்ணீராகச் சேரும். அதை வெளியேற்ற நுனியில் தக்கை வைத்த ஒரு சிறு துவாரம் உண்டு. சத்தியதாஸின் தக்கை பழையது, கசியும். வீட்டில் அவர் வாசிக்க உட்கார்ந்தாலே லீலாபாய் கீழே ஒரு பழைய பேப்பரை விரித்துவிட்டுப் போவார்.

இந்தக் கதைக்கு அவர்களுடைய வழக்கம் ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாட்டின் மெட்டை முதலில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தனியே, மனதில் தோன்றியதை, அந்த மெட்டின் நீளத்துக்கு வாசிப்பார்கள். அதற்கு ஒரு சுற்று என்று பெயர். ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒருவர் இரண்டு சுற்றும் வாசிக்கலாம், பத்தும் வாசிக்கலாம். போதும் என்று தலைவருக்குத் தோன்றும்போது அவர் தம் தலைமேல் கையை வைப்பார். உடனே எல்லோரும் பழைய மெட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். உலகத்தில் பல குழுக்களில் இருக்கும் சைகைதான் இது. ஆனால் ஈஸ்ட் ஃபோர்ட் ஃபைவில் அது சட்டம். தனியாக வாசிப்பவர் தானாக நிறுத்தினால் சரக்கு தீர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். 1981இல் ஆன்சன் இருபத்திரண்டு நிமிடம் டிரம்ஸை அடித்துக்கொண்டே இருந்தது இந்த மானப் பிரச்சினையால்தான். சாம்பசிவன் அன்று கழிப்பறைக்குப் போயிருந்தார்.

சத்தியதாஸ் முதல் முறையாகத் தனியே வாசித்தது 1986 கிறிஸ்துமஸ் வாரத்தில், வெள்ளயம்பலத்திலுள்ள பேலஸ் வியூ கிளப்பில், ஒரு மதிய விருந்தில். அந்த கிளப்பிலிருந்து பார்த்தால் அரண்மனை தெரியாது. தண்ணீர்த் தொட்டி நன்றாகத் தெரியும். டிராம்போன்காரர்களைத் தனியே வாசிக்க யாரும் கூப்பிடுவதில்லை. பின்னால் நின்று 'பாம்' என்று சொல்வதுதான் அவர்கள் விதி. சத்தியதாஸ் அந்த ஒரு சுற்றுக்காக ஆறு மாதம் தயார் செய்திருந்தார். பாட்டு, சாம்பசிவனே மெட்டமைத்த 'போனக்காடு பஸ்'. மலைப் பாதையின் வளைவு வளைவாக மூச்சு வாங்கி ஏறி, தேயிலைத் தோட்டத்து வாசலில் போய் நிற்கும்.

சத்தியதாஸ் எழுந்தார். கால் சுற்று வாசித்தார். சாம்பசிவனின் கை தலைமேல் போனது. குழு மெட்டுக்குத் திரும்பியது. சத்தியதாஸ் உட்கார்ந்தார்.

நடந்தது என்னவென்றால், கிளப்பின் மரக்கூரையிலிருந்து ஒரு பல்லி சாம்பசிவனின் தலையில் விழுந்தது. அவர் தட்டிவிட்டார். அவ்வளவுதான்.

இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். சாம்பசிவனால் சொல்ல முடியவில்லை. அவருடைய மனைவி சீதாலக்ஷ்மியும் லீலாபாயும் அப்போது ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். இங்கே சொன்னது அங்கே போய்ச் சேர ஒரு இன்டர்வெல் போதும். பல்லி உடம்பில் எங்கே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியல் உண்டு. தலைக்கு நேராக அதில் போட்டிருப்பது: கலகம். பரிகாரம் இருக்கிறது என்றாலும், மாமிசம் சமைக்கிற கிளப்பில் பல்லி வேறு விழுகிறது என்று தெரிந்தால் சீதாலக்ஷ்மி அவரை மறுபடியும் அந்தப் பக்கம் விடமாட்டார். எனவே சாம்பசிவன் ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தார். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும் என்று தோன்றியது. பத்து வருடம் கழித்து, பல்லி என்ற சொல்லையே அவரால் சத்தியதாஸ் முன்னால் உச்சரிக்க முடியவில்லை.

சத்தியதாஸ் சண்டை போடவில்லை. தொடர்ந்து வந்தார், வாசித்தார், சாம்பசிவனின் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தார். தனியே வாசிக்கச் சொல்லிச் சாம்பசிவன் தலையசைக்கும்போது மட்டும் மிகுந்த மரியாதையோடு டிராம்போனால் லீலாபாயைக் காட்டிவிடுவார். குழு கலையும் வரை பன்னிரண்டு வருடம் இப்படிக் காட்டினார். பஞ்சாங்கத்தில் போட்டிருந்த கலகம் இதுதான். பாறசாலைக்காரர்கள் இதைவிடச் சத்தமாகக் கலகம் செய்வதில்லை.

இந்த வருடம் பேலஸ் வியூ கிளப்புக்கு ஸ்ரீலட்சுமி என்ற பெண் செயலாளர் ஆனார். கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை, முப்பத்தோரு வயது, மைக்கை ஒளித்துவைக்கும் துணிச்சல் உள்ளவர். அலமாரியில் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து ஆட்களைத் தேடிப் பிடித்தார். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண்டு விழா, பதினொன்றரை மணிக்குத் தொடக்கம். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு மணிக்குப் பிரியாணி திறக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை சத்தியதாஸுக்கு மேல்வரிசை முன்பற்களை எடுப்பதாக இருந்தது. எடுக்கப்போவது அவருடைய மகள் சிஜி. நெய்யாற்றின்கரையில் பல் டாக்டர். இரண்டு பற்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தன. முன்பல் போனால் இந்த வயதில் டிராம்போன் ஊத உதடு நிற்காது. அதாவது ஞாயிற்றுக்கிழமைதான் அவர் ஊதப்போகிற கடைசி நாள். முழுதாக ஒரு சுற்று தனியே வாசிக்க வேண்டும் என்ற அவருடைய ஆசைக்கும் அதுதான் கடைசி நாள். ஆசையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் குளியலறையில் 'போனக்காடு பஸ்' மெட்டை விதவிதமாக வளைத்துச் சீட்டியடித்தார். கதவுக்கு வெளியே நின்ற லீலாபாய்க்கு அது போதும்.

அவர் பஸ் பிடித்துக் கரமனையில் சாம்பசிவன் வீட்டுக்குப் போனார். சீதாலக்ஷ்மி காபி கொடுத்தார். காபி முடிந்ததும் லீலாபாய் பல் விஷயத்தைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாமி, எனக்கு ஒரே ஒரு காரியந்தான் கேக்கணும். அன்னைக்கு மாதிரி தலையில கை வச்சிராதீங்க. ஒரு சுற்று, முழுசா. பின்னே அந்தச் சாதனத்த அலமாரிக்கு மேல ஏத்திருவோம்."

சாம்பசிவன் வாயைத் திறந்தார். பல்லி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சமையலறை வாசலில் சீதாலக்ஷ்மி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். பல்லி உள்ளே திரும்பிப் போனது.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை இந்தக் கை தோளுக்கு மேல போகாது. பத்மநாபன் சத்தியமாக்கும்" என்றார் சாம்பசிவன்.

சத்தியம் செய்வது எளிது. 1986இல் அவர் தலையில் முடி இருந்தது, இப்போது இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கைக்குட்டையால் வழுக்கையைத் துடைப்பது அவருடைய வழக்கமாகியிருந்தது. முன்னெச்சரிக்கையாகக் கைக்குட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டார். ஆன்சனிடமும் சொல்லிவைத்தார். ஆன்சன் அதைக் கேட்டுவிட்டு, பேசாமல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வாசித்தால் என்ன அண்ணா, கை எப்போது மேலே போகுமோ என்ற பயம் எனக்கும் தீரும் என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு நல்ல வெயில். ஹாலில் எண்பது பேர் இருந்தார்கள். அதில் இருபது பேர் இசைக்காக. முதல் வரிசையில் சீதாலக்ஷ்மி உட்கார்ந்திருந்தார், அந்த கிளப்புக்குள் முதல் தடவையாக. பக்கத்தில் சிஜி. சிஜி பாட்டைக் கேட்கவில்லை. அப்பாவின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பாட்டு ஆயிற்று. இருபத்தாறு வருடத் துரு இருந்தது, இரண்டு இடத்தில் ஆன்சன் மற்றவர்களை முந்திக்கொண்டு போய்க் காத்திருந்தார். ஆனாலும் நால்வரும் ஒருவரை ஒருவர் கேட்கிற விதத்தில் ஏதோ இருந்தது. தட்டு எங்கே வைத்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தவர்கள்கூட மறுபடி மேடையைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கடைசிப் பாட்டு, 'போனக்காடு பஸ்'. மெட்டு ஒரு முறை போய் வந்தது. சாம்பசிவன் இரண்டு சுற்று வாசித்தார். பிறகு திரும்பி, சத்தியதாஸைப் பார்த்துத் தலையசைத்தார்.

சத்தியதாஸ் லீலாபாயைக் காட்டவில்லை. எழுந்து நின்றார்.

சாம்பசிவன் கிளாரினெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இரண்டு கைகளாலும் இறுக்கப் பிடித்துக்கொண்டார், ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற பையனைப் போல.

டிராம்போன் மெதுவாகப் பேசத் தொடங்கியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. கால் சுற்று வந்தது. அந்த இடத்தில் சத்தியதாஸ் மூச்சை நிறுத்தினார். தாளத்தில் ஒரு தட்டு தவறியது. அவருடைய கண் சாம்பசிவனின் தோள் வரை வந்து நின்றது. கை வரவில்லை. லீலாபாயின் இடது கை, போ, போ என்று கீழ் ஸ்வரங்களில் நடந்துகொண்டிருந்தது. சத்தியதாஸ் அந்த இடத்தைக் கடந்தார். அதன் பிறகு வந்த முக்கால் சுற்று எப்படி இருந்தது என்று அங்கிருந்த இருபது பேரையும் கேட்டால் இருபது விதமாகச் சொல்வார்கள். மழை நின்ற மலையில் யாரோ ஒருவர் சொந்த வேலையாக, அவசரமே இல்லாமல் நடந்துபோவது போல இருந்தது. அலங்காரமாக ஒன்றும் செய்யவில்லை. எந்த ஸ்வரத்தையும் அது போதும் என்று சொல்கிற வரை பிடித்துவைத்திருந்தார். சீதாலக்ஷ்மி தொடையில் தாளம் போட்டார்.

சுற்று முடிந்தது. கைதட்டினார்கள். சத்தியதாஸ் நிறைந்த மனதோடு சாம்பசிவனின் கையைப் பார்த்தார்.

கை வரவில்லை.

இரண்டாவது சுற்றை அவர் சந்தோஷமாகவே வாசித்தார். மூன்றாவது, உபசாரத்துக்காக. நான்காவது சுற்றில் கையிருப்பு தீர்ந்து, சர்ச்சில் வாசித்த கீர்த்தனைகள் உள்ளே வர ஆரம்பித்தன. ஐந்தாவதில் மேல்பல் பலமாக ஆடியது. அவர் கண்ணை அகலமாக விரித்துச் சாம்பசிவனைப் பார்த்தார். மனுஷன் அனுபவிக்கிறார் என்று சாம்பசிவன் எடுத்துக்கொண்டார். அவருடைய வழுக்கையிலிருந்து வியர்வை மூக்கு வழியே சொட்டியது; துடைக்கவில்லை. இனியும் சத்தியதாஸைப் பார்த்துக்கொண்டிருந்தால் உணர்ச்சிவசப்பட்டுக் கை மேலே போய்விடக்கூடும் என்று பயந்து, அவருக்கு முதுகைக் காட்டிச் சபையைப் பார்த்து நின்றுகொண்டார். முகத்தில் தியாகம் தெரிந்தது.

லீலாபாய் புருவத்தை உயர்த்தினார். சாம்பசிவன் அவருக்குப் புன்னகையால் மறுபடி சத்தியம் செய்தார். ஆன்சன் பாட்டு முடிகிற மாதிரி ஒரு நீண்ட உருட்டு உருட்டிப் பார்த்தார். சபை கைதட்டியது, டிராம்போன் தொடர்ந்தது. மணி ஒன்று. பிரியாணிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஸ்ரீலட்சுமி, என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த ஆன்சனின் கை மெட்டுக்குத் திரும்பப் போய், இவர் தலைவர் இல்லையே என்று நினைவு வந்து பாதியில் நின்றது. முதல் வரிசையில் சிஜி எழுந்து நின்றாள்.

தானாக நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். முப்பத்தெட்டு வருடம் காத்திருந்து கிடைத்த இடத்தில், பாறசாலைக்காரர் ஒருவர், சரக்கு தீர்ந்துவிட்டது என்று பிரியாணிக்கு வந்தவர்கள் முன்னால் ஒப்புக்கொள்வாரா?

ஒன்பதாவது சுற்றில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஊதிக்கொண்டே இரண்டு அடி முன்னால் நகர்ந்தார். சாம்பசிவனின் தோளை மெல்லத் தட்டலாம் என்று டிராம்போனை உயர்த்தி, கை போகிற மட்டும் முழுக்க நீட்டினார். பித்தளை நுனி சாம்பசிவனின் தலைக்கு நேர் மேலே போய் நின்றது. ஒன்பது சுற்றின் மூச்சும் அதில் தண்ணீராகச் சேர்ந்திருந்தது. கீழே பேப்பர் இல்லை. பழைய தக்கை கசிந்தது.

சில்லென்று ஒரு சொட்டு வழுக்கையின் நடுவில் விழுந்தது.

கை மின்னல் மாதிரி முதுகிலிருந்து பறந்து வந்து தலையைத் தட்டியது. பத்மநாபன், சத்தியம், டீச்சர், எதுவும் அதற்கு ஞாபகம் இல்லை. ஆன்சனும் லீலாபாயும் உயிர் வந்த மாதிரி மெட்டுக்குள் பாய்ந்தார்கள். சாம்பசிவன் தலையில் கையோடு திரும்பி, செய்த பாவத்தை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தியதாஸைப் பார்த்தார்.

சத்தியதாஸ் அந்தக் கையைப் பார்த்தார். தன் டிராம்போன் நுனியைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். ஓட்டுச் சட்டத்தில் மூன்று பல்லிகள் இருந்தன.

கடைசி மெட்டை அவரால் சரியாக வாசிக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே டிராம்போன் ஊத முடியாது. மலை ஏறிய பஸ் விக்கி விக்கித் தோட்டத்து வாசலில் போய் நின்றது. எண்பது பேரும் எழுந்து கைதட்டினார்கள். அதில் அறுபது பேர் எப்படியும் எழுந்திருக்க வேண்டியிருந்தது.

சிஜி மேடைக்கு வந்து அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டு பல்லும் இருந்தன. எதை நம்பி இருந்தன என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். சத்தியதாஸ் நாற்காலியில் உட்கார்ந்து உதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். சாம்பசிவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சாமி" என்றார் சத்தியதாஸ். "எம்பத்தாறுல தலையில என்ன விழுந்து?"

"பல்லி."

"சொல்லியிருக்கலாமில்லியா ஓய்."

"மொதல்ல ஆத்துல தெரிஞ்சுடும்னு பயம். அப்புறம் சொன்னா நீர் நம்பியிருப்பீரோ?"

சத்தியதாஸ் நியாயமாக யோசித்தார். "இல்ல" என்றார். உதட்டை மறுபடி தடவிவிட்டு, "ஒரு சுற்று போதும்னுதான் நெனச்சேன். ஒம்பது தந்தீரு" என்றார்.

"நன்னா இருந்தது தாஸ். அந்த மொதல் சுற்று இருக்கே... நான் பண்ணின மெட்டு அதுன்னு எனக்கே தெரியலை."

சத்தியதாஸ் டிராம்போனின் பித்தளையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப.

அப்போதுதான் இருவருக்கும் பின்னால் சீதாலக்ஷ்மி தயிர்சாதத் தட்டோடு நிற்பது தெரிந்தது. அவர் பேச்சை எந்த இடத்திலிருந்து கேட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"தலையிலயா?" என்றார். "தலைக்கு என்ன போட்டிருக்கு தெரியுமோன்னோ? கலகம்."

"அது செரியாத்தான் போட்டிருக்கு மாமி" என்றார் சத்தியதாஸ்.

முப்பத்தெட்டு வருடமாகப் பரிகாரம் செய்யாத தலையோடுதான் சமையலறைக்கு வந்து போய்க்கொண்டிருந்தீர்களா என்று சீதாலக்ஷ்மி கணவரைக் கேட்டார். தினமும் குளிக்கிறேனே என்று சாம்பசிவன் சொல்லிப் பார்த்தார். அது வேறு குளி, இது வேறு குளி என்று பதில் வந்தது. தலையில் இப்போது விழுந்தது என்ன தண்ணீர் என்ற கேள்வி அடுத்து வருவதற்குள் சத்தியதாஸ் முந்திக்கொண்டு எழுந்து, தோட்டத்துக் குழாயடியைக் காட்டினார்.

அப்படித்தான் அந்த மதியம் பேலஸ் வியூ கிளப்பின் பின்பக்கம், செம்பருத்திச் செடிகளுக்குப் பக்கத்தில், சாம்பசிவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்து நின்றார். கிளப்பின் பிளாஸ்டிக் மக்கில் சத்தியதாஸ் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினார். போதும் ஓய் என்று சாம்பசிவன் சொன்னார். அது உங்க கையில இல்ல சாமி என்று சத்தியதாஸ் ஒன்பது மக்கு ஊற்றினார். சீதாலக்ஷ்மி தயிர்சாதத் தட்டைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தார். கடைசி மக்கு விழுந்ததும் சாம்பசிவன் நிமிர்ந்து, இரண்டு கைகளாலும் வழுக்கையை அழுத்தித் துடைத்தார்.

உள்ளே ஜன்னலோரத்தில் பிரியாணித் தட்டோடு நின்ற ஆன்சன், தலைமேல் கையைப் பார்த்தார். வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, கரண்டியால் தட்டின் விளிம்பில் 'போனக்காடு பஸ்' மெட்டைத் தட்டத் தொடங்கினார்.